ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு க்ரூஸ்: ஃப்ளோரிடாவிலிருந்து கரீபியன் போகிறவர்களுக்கு

மியாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவெரல் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் பல, ஒரு வாரம் கிழக்குக் கரீபியன், மறு வாரம் மேற்குக் கரீபியன் என்று மாறி மாறி ஓடுகின்றன. கிழக்கு வாரத்தில் செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின். மேற்கு வாரத்தில் கோசுமெல், கோஸ்டா மாயா, ரோட்டான். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய, ராயல் கரீபியன் கம்பெனியின் ஐகான் ஆஃப் த சீஸ் கப்பல் மியாமியிலிருந்து இப்படித்தான் போய்வருகிறது. எட்டாம் நாள் காலையில் எல்லோரும் பெட்டியை இழுத்துக்கொண்டு வீடு திரும்ப, ஒரு சிலர் மட்டும் அதே கப்பலில் அடுத்த வாரமும் தொடர்வார்கள். கப்பல்காரர்கள் இதை ‘பேக் டு பேக்’ என்கிறார்கள். ஒரே விமானச் செலவில் இரண்டு கரீபியனையும் பார்த்துவிடலாம். நடுவில் பெட்டி கட்ட வேண்டாம்.

உங்களுக்கு இது 14 இரவுப் பயணம். கம்பெனியின் கணினிக்கோ இது இரண்டு ஏழு இரவுப் பயணம். இரண்டு புக்கிங் எண், இரண்டு செக்-இன், இரண்டு கணக்கு. முதல் வாரப் பயணியும் இரண்டாம் வாரப் பயணியும் ஒரே ஆள் என்பது, நீங்களாகச் சொல்லாதவரை, அதற்குப் பெரும்பாலும் தெரியாது. புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

எந்த இரண்டு வாரம்?

முதலில் இரண்டு வாரங்களின் துறைமுகப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழக்கும் மேற்கும் மாறி வந்தாலும், பஹாமாஸில் உள்ள கம்பெனியின் சொந்தத் தீவு இரண்டு வாரத்திலும் வரலாம். ராயல் கரீபியன் என்றால் அது கோகோகே. அதில் தவறில்லை. முதல் வாரம் கடற்கரைக்குப் போங்கள். இரண்டாம் வாரம் எல்லோரும் தீவில் இருக்கும்போது, கப்பலின் நீச்சல் குளமும் சறுக்குகளும் கூட்டமில்லாமல் கிடைக்கும். நான்கு துறைமுகங்களில் மூன்று அப்படியே திரும்ப வருகிறது என்றால் வேறு தேதி பாருங்கள்.

கரீபியனில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் கட்டணம் இறங்கும். ஆனால் புயல் வந்தால் கிழக்குப் பாதை மேற்காக மாறலாம். அப்போது இரண்டு வாரமும் ஒரே ஊர்களைத்தான் பார்ப்பீர்கள். அதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் மட்டும் செப்டம்பரில் போங்கள்.

புக்கிங்கும் கேபினும்

இரண்டு வாரமும் ஒரே கேபின் என்பதுதான் குறி. கணினியில் இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் முதல் வாரம், மற்றதில் இரண்டாம் வாரம் வைத்து, ஒரே வகையில் இரண்டிலும் காலியாக இருக்கும் கேபின் எண்ணைத் தேடுங்கள். எந்த வாரத்தில் கேபின்கள் குறைவாக இருக்கின்றனவோ அந்த வாரத்தை முதலில் பதிவு செய்யுங்கள், உடனே மற்றதையும். ஒரே கேபினுக்கு இரண்டு வாரத்திலும் விலை வேறாகத்தான் இருக்கும். பள்ளி விடுமுறை வாரம் என்றால் பெரிய வித்தியாசம் வரும்.

பிறகு கம்பெனிக்கோ ஏஜென்டுக்கோ ஃபோன் செய்து இரண்டு புக்கிங்கையும் இணைக்கச் சொல்லுங்கள். இணைத்தாலும் கணக்கு ஒன்றாகாது; கப்பலில் இருப்பவர்களுக்கு நீங்கள் தொடர்கிற பயணி என்பது பட்டியலில் தெரியும், அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்குத்தான், எட்டாம் நாள் காலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கடிதம் வராமல் போகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. மலிவாக இருக்கிறதே என்று ‘கேரண்டி’ கேபின் வாங்காதீர்கள். அதில் வகை மட்டும்தான் உறுதி, எண்ணைக் கம்பெனி பின்னால் தரும். இரண்டு வாரத்துக்கும் ஒரே எண் வருவது அதிர்ஷ்டம்தான். அடுத்தது, ஏலம் கேட்டு மேல் வகைக்கு மாறும் ‘ராயல் அப்’ போன்ற திட்டங்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் கேட்டு அது கிடைத்துவிட்டால், கஷ்டப்பட்டுப் பிடித்த ஒரே கேபின் கைவிட்டுப் போய்விடும். கேட்பதானால் மாற்றத்துக்குத் தயாராக இருந்து கேளுங்கள்.

முழுப் பணம் கட்டும் கெடு தேதியும் இரண்டு. ராயல் கரீபியனில் ஐந்து இரவும் அதற்கு மேலும் உள்ள பயணங்களுக்கு 90 நாள் முன்பு. இரண்டாம் வாரத்தின் கெடு ஏழு நாள் தள்ளி வரும். முதலாவதைக் கட்டிவிட்டு இரண்டாவதும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. கட்டாத புக்கிங் தானாக ரத்தாகும்.

விசாவும் ஆவணங்களும்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இது. எட்டாம் நாள் காலை கப்பல் மியாமி வந்ததும், நீங்கள் தொடர்ந்து போகிறவராக இருந்தாலும், அமெரிக்காவுக்குள் ஒருமுறை நுழைந்ததாகவே குடிவரவுத் துறை எடுத்துக்கொள்ளும். பதினைந்தாம் நாள் இன்னொரு முறை. ஆகவே விசா பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். வழக்கமான பத்து வருட பி1/பி2 (சுற்றுலா, வணிக) விசாவில் இந்தப் பிரச்சினை இல்லை. பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களில் பலருக்கு, குடிவரவுத் துறையின் ஒப்புதல் கடிதமான ஐ-797 கையில் இருக்கும், பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருக்கும். முத்திரை காலாவதியானாலும் 30 நாளுக்குள் திரும்பி வர அனுமதிக்கும் சலுகை ஒன்று உண்டுதான். ஆனால் எச் விசாக்காரர்களுக்கு அது கனடா, மெக்சிகோ போய்வருவதற்கு மட்டும். கரீபியன் தீவுகள் எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கே அதில் சேரும். ரோட்டான் ஹோண்டுராஸைச் சேர்ந்தது. அங்கே போய்வந்தால் யாருக்கும் அந்தச் சலுகை கிடையாது. முத்திரை செல்லுபடியில் இல்லை என்றால் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வேறு வழி சொல்ல முடியாது. எஃப்-1 மாணவர்கள், கல்லூரி தந்த ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து ஒரு வருடத்துக்குள் வாங்கியதா என்று பார்க்க வேண்டும். படிப்பு முடித்து வேலைப் பயிற்சியில் (ஓபிடி) இருந்தால் ஆறு மாதத்துக்குள்.

தீவுகளின் விசா விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. இரண்டு வாரத் துறைமுகப் பட்டியலையும் சேர்த்து வைத்து ஒவ்வொரு நாடாகப் பாருங்கள். முதல் வாரத்துக்கு மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சில பாதைகளில் வரும் மார்ட்டினிக், குவாதலூப் பிரெஞ்சு மண். ஐரோப்பாவுக்கான சாதாரண ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. ஒரு துறைமுகத்துக்கு விசா இல்லை என்றாலும் மியாமியிலேயே ஏற விடாமல் நிறுத்தலாம்.

ஃப்ளோரிடாவில் ஏறி ஃப்ளோரிடாவிலேயே, அதே துறைமுகத்தில் இறங்குகிறவர்களுக்கு அடுத்த விஷயம் தேவைப்படாது. ஆனால் வேறு ஊர்களில் அடுத்தடுத்துப் போக நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் அமலில் இருக்கிறது: வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது, இடையில் ‘தொலைவான’ வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டாலொழிய. கனடா, மெக்சிகோ, பெர்முடா, பெரும்பாலான கரீபியன் தீவுகள் தொலைவில் சேராது. அரூபா, பொனேர், குரசாவ் சேரும்; தென் அமெரிக்கக் கரையிலுள்ள கார்ட்டஹேனாவும் சேரும். லாஸ் ஏஞ்சலஸ் முதல் வான்கூவர் வரை ஒரு பயணம், வான்கூவர் முதல் அலாஸ்காவின் விட்டியர் வரை இன்னொன்று. தனித்தனியாக இரண்டும் சட்டப்படி சரி. அதே கப்பலில் சேர்த்துப் போனால் லாஸ் ஏஞ்சலஸில் ஏறி விட்டியரில் இறங்கியதாகிவிடும். இணையத்தில் இரண்டையும் வாங்க முடிந்துவிடுகிறது. ‘இது செல்லாது, ஒன்றை விட்டுவிடுங்கள்’ என்ற மின்னஞ்சல் சில மாதம் கழித்து வரும். அதற்குள் விமான டிக்கெட் வாங்கியிருப்பீர்கள்.

ஏறுவதற்கு முன் இரட்டிப்பாகச் செய்ய வேண்டியவை

பானப் பேக்கேஜ், வைஃபை, சிறப்பு உணவகம், கரைச் சுற்றுலா, நிகழ்ச்சி முன்பதிவு எல்லாம் ஒவ்வொரு புக்கிங் எண்ணிலும் தனியாக வாங்க வேண்டும். முதல் வார வைஃபை எட்டாம் நாள் காலையோடு நின்றுவிடும். ஏறிய பிறகு வாங்கினால் விலை கூடும். இரண்டாம் வாரத்துக்கும் வீட்டிலிருந்தே வாங்கிவிடுங்கள். சைவம், ஜெயின் உணவு, ஒவ்வாமை, சக்கர நாற்காலி பற்றிய குறிப்புகளும் அப்படியே. முதல் புக்கிங்கில் எழுதியது இரண்டாவதற்குத் தாவாது. ஒன்றரை இரண்டு மாதம் முன்பே இரண்டிலும் எழுதிவிட்டு, பதில் வந்ததா என்று பாருங்கள்.

இணையச் செக்-இன்னை இரண்டுக்கும் முடியுங்கள். பாஸ்போர்ட் விவரம், புகைப்படம், கார்டு எண் எல்லாம் மறுபடியும் கேட்கும். ‘கப்பலில்தானே இருக்கப்போகிறோம்’ என்று இரண்டாவதை விட்டுவிட்டால், எட்டாம் நாள் காலை உங்களுக்கான புதிய சாவிக் கார்டு தயாராகாது.

பணம் கொடுக்க கிரெடிட் கார்டே வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பல் தனித்தனியாகக் கார்டில் ஒரு தொகையை முடக்கி வைக்கும். டெபிட் கார்டு என்றால் முதல் வாரத்தில் முடக்கியது விடுபடுவதற்குள் இரண்டாம் வாரத்துக்கும் முடக்கி, கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்க முடியாமல் செய்துவிடும். டிப்ஸ் பெரும்பாலான கப்பல்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை ஆகும். இரண்டு பேருக்கு 14 இரவு என்றால் ஏறக்குறைய 450 டாலராவது ஆகும். டிக்கெட் விலையைப் பார்க்கும்போதே இதையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

காப்பீடு மட்டும் ஒன்றாக இருக்கட்டும். வீட்டை விட்டுக் கிளம்பும் நாள் முதல் திரும்பும் நாள் வரை ஒரே பாலிசி, இரண்டு கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு, நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் உட்பட. விமானத்தில் ஒரு நாள் முன்பே ஃப்ளோரிடா வந்துவிடுங்கள். அப்படியும் முதல் கப்பலைத் தவறவிட்டால் உடனே கம்பெனிக்கு ஃபோன் செய்து, இரண்டாம் புக்கிங்கை ரத்து செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பெட்டி

14 நாளுக்கு 14 செட் துணி வேண்டாம். எட்டு நாளுக்கானது போதும். கார்னிவல், பிரின்சஸ் கப்பல்களில் காசு கொடுத்து நாமே துவைக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. ராயல் கரீபியனில் கிடையாது. பையில் போட்டுக் கொடுத்தால் துவைத்து மடித்துத் தருவார்கள். ஒரு வாரத்தின் கடைசி ஓரிரு நாளில் துணி வாங்க மாட்டார்கள் என்பதால், ஐந்தாம் நாளே கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து 14 நாளுக்கும், மேலே நான்கைந்து நாளுக்கும் சேர்த்து, கைப்பையில். கப்பலில் உள்ள மருத்துவ மையத்தில் உங்கள் ரத்த அழுத்த மாத்திரை அதே பெயரில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

எட்டாம் நாள் காலை

முந்தைய நாள் மாலை அல்லது இரவு கேபினுக்கு ஒரு கடிதமும், ‘இன் ட்ரான்சிட்’ என்று எழுதிய கார்டும், பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக்கான சாவிக் கார்டும் வரும். எத்தனை மணிக்கு, எந்த ஹாலில் கூட வேண்டும் என்று கடிதத்தில் இருக்கும். இரவு ஒன்பது மணிவரை வரவில்லை என்றால் கெஸ்ட் சர்வீஸ் மேசைக்கு நீங்களே போங்கள். காலையில் அங்கே வரிசை நீளும். முதல் வாரத்தில் கம்பெனி கொடுத்த கப்பல் செலவுப் பணம் மிச்சமிருந்தால் அன்றிரவே செலவழித்துவிடுங்கள். திருப்பித் தராத வகை என்றால் அடுத்த வாரத்துக்கு வராது.

ஒரே கேபின் என்றால் எதையும் தொட வேண்டாம், பெட்டி கட்ட வேண்டாம். கேபின் மாறுகிறதென்றால், தொங்கும் துணிகளை ஹேங்கரோடு அப்படியே விடுங்கள். ஊழியர்கள் கம்பியில் மாட்டியே தள்ளிக்கொண்டு போவார்கள். இழுப்பறைகளில் உள்ளதைப் பெட்டியில் போட்டு, புதிய கேபின் எண்ணைப் பெரிதாக எழுதிக் கட்டுங்கள். குளியலறை அலமாரியும், கட்டிலுக்கு அடியும் மறந்துபோகும் இடங்கள். லாக்கரைத் திறந்து காலி செய்யுங்கள். நகை, பணம், மருந்து, ஆவணம் உங்கள் கையிலேயே வரட்டும். புதிய கேபின் தயாராக மதியம் ஒரு மணி ஆகலாம். அதுவரைக்கும் தேவையானதை ஒரு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் விடியற்காலையிலேயே கரை சேர்ந்துவிடும். நிதானமாகக் காலை உணவு சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் லிஃப்டுகள் பெட்டிகளோடு நிரம்பி வழியும், படிகளில் இறங்குவது மேல். ஒன்பது, ஒன்பதரை மணி வாக்கில் சொன்ன ஹாலுக்குப் போனால், கப்பல் அலுவலர் ஒருவர் பெயர்களைச் சரிபார்த்து உட்கார வைப்பார். இங்கேதான் காத்திருப்பு. புதியவர்கள் எரிச்சலாவது இந்த இடத்தில்தான். காரணம் தெரிந்தால் எரிச்சல் வராது. பழைய பயணத்தின் பயணிகள் அத்தனை பேரும் இறங்கி, கப்பலில் பயணி எண்ணிக்கை பூஜ்யம் ஆனால்தான் புதியவர்களை ஏற்றலாம். பந்தியில் கடைசி ஆள் எழுந்து இலை எடுத்தால்தான் அடுத்த பந்தி என்பதுபோல. யாரோ ஒருவர் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தால், ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நீங்களும் காத்திருக்கத்தான் வேண்டும். பத்து நிமிடத்தில் முடிவதும் உண்டு, ஒரு மணி நேரம் இழுப்பதும் உண்டு.

அழைத்ததும் கூட்டமாக இறங்கி, குடிவரவு அதிகாரியின் கேமரா முன் முகம் காட்டி, கேட்டால் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, முனையத்தில் சற்று உட்கார்ந்து, திரும்ப ஏறுவீர்கள். பாஸ்போர்ட்டோடு ஐ-797, ஐ-20, கிரீன் கார்டு எது உங்களுக்குரியதோ அதன் அசலும் அப்போது கையில் இருக்க வேண்டும். லாக்கரில் வைத்துவிட்டு வந்தால் பாதி வழியில் கேபினுக்குத் திரும்ப முடியாது. ஆப்பிள், வாழைப்பழம், சாண்ட்விச் எதுவும் பையில் வேண்டாம். கப்பல் உணவைக் கரைக்குக் கொண்டுபோகத் தடை.

சுங்கமும் இதே காலையில்தான். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்குத் தீர்வையில்லாமல் கொண்டுவர ஆளுக்கு 800 டாலர் வரை அனுமதி. செயின்ட் தாமஸ் உள்ள அமெரிக்க வர்ஜின் தீவுகளிலிருந்து வந்தால் 1,600 வரை. செயின்ட் தாமஸ் கடைத்தெருவில் நகை வாங்குகிறவர்கள் கவனிக்க: இந்தச் சலுகை 30 நாளுக்கு ஒருமுறைதான். முதல் வாரத்தில் பயன்படுத்திவிட்டால் இரண்டாம் வாரத்தில் 200 டாலர் மட்டுமே. பெரிய பொருள் வாங்கும் எண்ணம் இருந்தால் எந்த வாரத்தில் என்று முன்கூட்டியே யோசியுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

கூட்டத்தோடு போகாமல், மருந்துக்கடைக்கோ சூப்பர் மார்க்கெட்டுக்கோ தனியாக இறங்கிப் போய்வரவும் செய்யலாம். காலை இறங்குகிறவர்களோடு இறங்கி, புதிய கார்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துப்போய், புதிய பயணிகளோடு பாதுகாப்புச் சோதனை தாண்டி ஏற வேண்டும். கெஸ்ட் சர்வீஸில் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் ஹாலில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். மதியம் இரண்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் யோசனை, கூட்டத்தோடு போய்த் திரும்புவதுதான். ஏனென்றால் திரும்ப ஏறும் அந்த நேரத்தில் கப்பல் காலியாக இருக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் நடமாடிய நடைபாதையில் துடைப்பமும் வாளியும் மட்டும். நீச்சல் குளத்தில் ஓர் ஆள் இல்லை. புதியவர்கள் வந்து சேரும்வரை கிடைக்கும் அந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் நிகழ்ச்சி முன்பதிவுகளையும் இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் முடித்துக்கொள்ளலாம். பழைய சாவிக் கார்டு காலையிலேயே செயலிழந்துவிடலாம். கதவு திறக்கவில்லை என்றால் புதியதை வைத்துப் பாருங்கள்.

இரண்டாம் வாரம்

பாதுகாப்புப் பயிற்சியை மறுபடியும் முடிக்க வேண்டும்: வீடியோ பார்த்து, உங்கள் கூடுமிடத்துக்குப் போய்க் கார்டைக் காட்ட வேண்டும். போன வாரம் செய்தோமே என்று விட்டுவிட்டால் மாலையில் ஒலிபெருக்கியில் உங்கள் பெயர் வரும். கேபின் மாறியிருந்தால் கூடுமிடமும் மாறியிருக்கலாம்.

பிரதான உணவகத்தின் மெனுவும், அரங்க நிகழ்ச்சிகளும் ஏழு நாளுக்கு ஒருமுறை அப்படியே திரும்பும். அதனால் முதல் வாரத்தில் பாதி நிகழ்ச்சிகளை மட்டும் பாருங்கள். சிறப்பு உணவகங்களை இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் ஹெட் வெயிட்டரிடம் ‘14 இரவு இருக்கிறோம்’ என்று முதல் இரவே சொல்லிவிட்டால், மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று அவரே கேட்டு எழுதிக்கொள்வார். பருப்பு, சப்பாத்தி, காய்கறிக் குழம்பு கிடைக்கும். காரம் வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேளுங்கள்.

பதினைந்தாம் நாள் காலை மற்றவர்களோடு பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குவீர்கள். இறங்கும் முன் இரண்டு வார பில்லையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டாம் வாரத்துக்கும் பேக்கேஜ் வாங்கியிருந்தும் தனியாகக் காசு எடுத்திருந்தால் கப்பலில் இருக்கும்போதே சரிசெய்வது சுலபம். ஊரிலிருந்து வந்த பெற்றோரோ, வேலை விசாவில் இருப்பவரோ என்றால், வீட்டுக்கு வந்ததும் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் உங்கள் வருகைப் பதிவான ஐ-94-ஐத் திறந்து தங்கும் கெடு தேதியைப் பாருங்கள். கப்பலில் இரண்டு முறை நுழைந்ததில் அந்தத் தேதி மாறியிருக்கலாம். விமான நிலையத்தில் முன்பு கொடுத்த தேதியை நினைவில் வைத்துத் திரும்பும் டிக்கெட் போடக் கூடாது.